லொபீலியாவும் ஒரு கொக்கியும்

கல்கா - சிம்லா ரயில் பாதையில் பரோக் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. 1903-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையின் மிக நீளமான சுரங்கம், 33-ஆம் எண் சுரங்கம், அதை ஒட்டித்தான் வருகிறது. நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். அதைக் குடைய முதலில் பொறுப்பேற்ற இன்ஜினியரின் கணக்குத் தவறிப்போய், இரண்டு பக்கத்திலிருந்தும் தோண்டி வந்தவர்கள் நடுவில் சந்திக்கவே இல்லை என்று ரயில்வேக்காரர்கள் மத்தியில் ஒரு கதை உண்டு. 2017 மே மாதம், நான் ரிட்டயர் ஆகச் சில மாதங்களே இருந்தபோது, அலுவல் நிமித்தமாக அந்தப் பக்கம் போனேன். சுரங்கத்தைப் பார்க்கும் ஆசையோடு பரோக்கில் இறங்கியவன், சுரங்கத்தை விட்டுவிட்டுப் பிளாட்பாரக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூரையிலிருந்து ஒரு கம்பிக் கூடை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பைத் தாண்டி நாலா பக்கமும் நூல் நூலாகத் தண்டுகள் வழிந்தன. தண்டு முழுக்கப் பொடிப் பொடியாய்ப் பூக்கள். அப்படி ஒரு நீலத்தை நான் வேறு பூவில் பார்த்ததில்லை. சங்குப் பூவின் நீலத்தைவிட ஆழம். நடுவில் வெள்ளைப் பொட்டு. செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரிடம் பெயர் கேட்டேன். "லோபீலியா, சாப்" என்றார்.

டில்லிக்குத் திரும்பியதும் முதல் வேலையாக விதைப் பாக்கெட் வாங்கினேன். மே மாதம், வெயில் 43 டிகிரி. மூன்றாவது மாடி பால்கனியில் தொட்டி வைத்து விதைத்தேன். பத்து நாள் கழித்து என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இந்த மண்ணில் கடுகைப் போட்டால் முளைக்காது, வெடிக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னதுதான் சரி. பரோக் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மே மாதத்தில் பூப்பது இங்கே பிப்ரவரியில்தான் பூக்கும். இந்தச் சாதாரண விஷயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் தோற்று, நான்காவது முயற்சியில் ஜெயித்து, ஜெயித்த அந்த வருடத்திலேயே ஒரு பெரிய தப்பும் செய்தேன். நம் சங்கத்து அன்பர்களில் பால்கனியில் செடி தொங்கவிட்டிருப்பவர்கள் பலர் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செடியின் பூர்வீகம்

நாம் கூடைகளில் வளர்ப்பது லொபீலியா எரினஸ் என்ற வகை. சொந்த ஊர் தென் ஆப்பிரிக்கா. லொபீலியா என்ற பெயர் 1538 முதல் 1616 வரை வாழ்ந்த மத்தியாஸ் தெ லொபெல் என்ற தாவர இயல் அறிஞரின் நினைவாக வைக்கப்பட்டது. பூவை உற்றுப் பார்த்தால் மேலே இரண்டு குறுகிய இதழ்களும் கீழே மூன்று அகன்ற இதழ்களும் இருக்கும். உள்ளங்கை விரித்த மாதிரி.

இந்த இனத்துக்கு நம் ஊரிலும் உறவு உண்டு. நீலகிரி, பழனி மலைப் பக்கம் புல்வெளி ஓரங்களில் ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்து, உச்சியில் நீண்ட கதிராக வெள்ளைப் பூக்களுடன் நிற்கும் காட்டுப் புகையிலையைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதுவும் லொபீலியாதான். பனைமரம் மாதிரி நிற்கும் ஒரு பெரியப்பாவுக்கு ஒரு சாண் உயரத் தம்பி பிள்ளை இருப்பது போல.

இரண்டிலும் நஞ்சுச் சத்து இருக்கிறது. ஆகவே பூவோ இலையோ குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய தண்டுகளை மாட்டுக்கும் போடாதீர்கள்.

விதை வாங்கும்போது ரகம் பார்த்து வாங்க வேண்டும். குட்டையாகப் புதர் போல வளரும் ரகங்கள் உண்டு. கொடி போல வழியும் ரகங்களும் உண்டு. தொங்கும் கூடைக்கு வழிகிற ரகம்தான் வேண்டும். சஃபையர், காஸ்கேட், ரெகாட்டா என்ற பெயர்களில் கிடைப்பவை அவை. தொட்டியின் நடுவிலும் ஓரப் பாத்தியிலும் வைக்கக் குட்டை ரகம் நல்லது. அதில் புகழ் பெற்றது கிரிஸ்டல் பேலஸ் என்ற கருநீல ரகம்.

அந்தப் பெயரைப் பாக்கெட்டில் பார்த்ததும் எனக்கு ஒரு தனி சந்தோஷம். லண்டனில் 1851-ஆம் வருடப் பொருட்காட்சிக்காகக் கட்டிய கண்ணாடி மாளிகையின் பெயர் அது. அதை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன் ஒரு தோட்டக்காரர். ஒரு ரயில்வே கம்பெனியின் டைரக்டரும்கூட. 1850 ஜூனில் டெர்பி நகரில் ரயில்வே கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது, மை ஒற்றும் தாளில்தான் அந்த மாளிகையின் முதல் படத்தைக் கிறுக்கினார். ரயில்வேக்கும் தோட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று என்னைக் கேலி செய்யும் நண்பர்களுக்கு இதைத்தான் பதிலாகச் சொல்வேன்.

தூசி போன்ற விதை

லொபீலியா விதை கசகசாவைவிடப் பொடி. ஒரு கிராமில் 30,000 விதைகள் வரை இருக்கும். பாக்கெட்டைத் திறக்கும்போது ஒரு தும்மல் போட்டால் அந்த வருடத்துத் தோட்டம் போயிற்று.

இரண்டாவது வருடம் காலம் பார்த்து அக்டோபரில்தான் விதைத்தேன். ஆனால் அவரை விதைக்கிற மாதிரி அரை அங்குல மண்ணைப் போட்டு மூடினேன். ஒன்றுகூட வரவில்லை. இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே மண் போடவே கூடாது.

இப்போது நான் செய்யும் முறை இது. செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதிக்குள் விதைக்கிறேன். அகலத் தட்டில் சலித்த தென்னைநார்த் துகளும் மக்கிய இலை உரமும் சம அளவில் நிரப்பி, மட்டமாக அழுத்தி, நனைத்து வைக்கிறேன். இரண்டு ஸ்பூன் உலர்ந்த பொடி மணலில் விதையைக் கலந்து, கோலப்பொடி தூவுவது போல மேலாகத் தூவுகிறேன். பிறகு ஒரு பலகையால் லேசாக அழுத்தினால் போதும். மேலே கண்ணாடியோ மெல்லிய பாலிதீனோ மூடி, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைக்க வேண்டும். தண்ணீரை மேலே ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். தட்டைத் தண்ணீரில் வைத்தால் அடித் துளை வழியாகத் தேவையானதை அதுவே இழுத்துக்கொள்ளும். 10 முதல் 20 நாளில் பச்சைப் பாசி படர்ந்த மாதிரி முளைகள் தெரியும். தெரிந்ததும் மூடியை எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது வருடம் இந்த இடம் வரை சரியாகத்தான் வந்தேன். மூடியை மட்டும் எடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் அறுவடை முடிந்த வயல் மாதிரி நாற்றெல்லாம் படுத்துக் கிடந்தது. தண்டின் அடி அழுகிச் சாய்வதை நாற்றழுகல் என்பார்கள். ஈரமும் நெரிசலும் காற்றோட்டம் இல்லாததும் சேர்ந்தால் பூஞ்சணம் பிடித்து ஒரே ராத்திரியில் தட்டையே காலி செய்துவிடும். விதையைக் குறைவாகத் தூவுவதும், காலையில் மட்டும் தண்ணீர் விடுவதும், காற்று பட விடுவதும்தான் மருந்து.

நாற்று ஓர் அங்குலம் வந்ததும் பிரித்து நட வேண்டும். மயிரிழை போன்ற நாற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்க யாராலும் முடியாது. ஐந்தாறு நாற்றுகள் சேர்ந்த சின்னச் சின்னக் கொத்தாகக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்துச் சிறு குழித் தட்டுகளில் வையுங்கள். நவம்பர் கடைசியில் அந்தக் கொத்துகள் கூடைக்குப் போகத் தயாராகிவிடும். இதெல்லாம் நம்மால் ஆகாது என்பவர்கள் நவம்பரில் நர்சரிக்குப் போய் மாலியிடம் நாற்றாகவே வாங்கிக்கொள்ளலாம். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கூடையும் கணக்கும்

2020 அக்டோபரில் விதைத்தது எல்லாப் பரீட்சையிலும் தேறியது. 12 அங்குலக் கம்பிக் கூடை ஒன்று வாங்கி, தென்னைநார் விரிப்புப் போட்டு, கீழே பூங்காவிலிருந்து கொண்டுவந்த தோட்ட மண்ணை எருவோடு கலந்து நிரப்பினேன். விளிம்பைச் சுற்றி ஆறு கொத்து நட்டேன். பால்கனிக் கூரையில் கைப்பிடிச் சுவருக்கு நேர் மேலே, முன்பு துணிக் கொடி கட்டிய ஒரு கொக்கி இருந்தது. கூடையை அதில் மாட்டினேன். வெயில் நன்றாகப் படும் இடம் அதுதான்.

ஜனவரிக் கடைசியில் பூக்க ஆரம்பித்தது. பிப்ரவரியில் பரோக் ஸ்டேஷனே என் பால்கனிக்கு வந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் நன்றாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே காபி குடிக்கப் போனேன். டம்ளரைக் கையில் எடுத்தேனோ இல்லையோ, வெளியே படார் என்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் கூரையில் கொக்கி இல்லை. அது இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்திருந்தது. கூடை கைப்பிடிச் சுவரில் மோதி, வெளிப்பக்கமாகப் புரண்டு, கீழே போய்விட்டது.

கொரோனாவால் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்காத காலம் அது. தரைத்தள வீட்டுப் பஞ்சாபி அம்மாளின் பேரன், எட்டு வயதுப் பையன், சாயங்காலம் முழுக்க எங்கள் பால்கனிக்கு நேர் கீழேதான் கிரிக்கெட் விளையாடுவான். எட்டிப் பார்த்தேன். மூன்று செங்கல் அடுக்கிய அவனுடைய ஸ்டம்ப் இருந்தது. பக்கத்தில் பேட் கிடந்தது. அதற்கு ஒரு கை தூரத்தில் மண்ணும் கம்பியும் நீலப் பூக்களும் சிதறிக் கிடந்தன. பையனைக் காணவில்லை.

படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. கீழே போனபோது பையன் வீட்டு வாசலில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தான். பாட்டி தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டிருக்கிறார். அதனால் உள்ளே போயிருக்கிறான். அவ்வளவுதான்.

நான் கை கூப்பி மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. "பூ ரொம்ப அழகாக இருந்தது, பாய் சாப். ஆனால் இவன் தினமும் இங்கேதான் நிற்பான்" என்று மட்டும் ஹிந்தியில் சொன்னார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு அன்று தூக்கம் வந்திருக்கும்.

தூக்கம் வராததால் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து, முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். 12 அங்குலக் கூடை என்பது அரைக் கோளம். கொள்ளளவு சுமார் 7 லிட்டர். நனைந்த தோட்ட மண் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 1.8 கிலோ இருக்கும். மண் மட்டும் பன்னிரண்டரைக் கிலோ. கூடை, சங்கிலி, செடி எல்லாம் சேர்த்தால் 14 கிலோ. அதைத் தாங்கிய கொக்கியோ அரை அங்குலப் பூச்சில் அடித்த மரக் கட்டையில் முறுக்கியது. கான்கிரீட்டை அது தொடவே இல்லை. 9 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர். விழுந்து முடிக்க ஒன்றரை செகண்டுகூட ஆகாது. மேலே இருந்து ஒருவன் கத்தி, கீழே இருப்பவன் விலகுவதற்கு அந்த நேரம் போதாது.

முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக மற்றவர்கள் செய்த வேலையைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். என் வீட்டுக் கொக்கியை ஒரு தடவை இழுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பரோக் சுரங்கத்தின் கதையை எத்தனையோ பேரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பிறகு சிரித்துச் சொல்வதில்லை.

இப்போது செய்வது

அடுத்த வருடம் கூடையே வேண்டாம் என்று இருந்தேன். என் மனைவிதான், "கணக்குத் தெரிந்தவர்தானே, சரியாகப் போட்டு மாட்டுங்கள்" என்றாள். இதோ அந்தக் கணக்கு.

முதலில் எடையைக் குறைக்க வேண்டும். தோட்ட மண்ணைக் கூடையில் போடாதீர்கள். தென்னைநார்த் துகள் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு. நனைந்த பிறகும் லிட்டருக்கு ஒரு கிலோவைச் சுற்றித்தான் வரும். மொத்தம் 8 கிலோவோடு முடிந்தது. 14 அங்குலக் கூடை என்றால் கொள்ளளவு 11 லிட்டருக்கு ஏறிவிடும். விட்டம் இரண்டு அங்குலம்தான் கூடுகிறது, எடை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. கூடை வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது கொக்கி. பூச்சைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் துளை போட்டு, உள்ளே விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டைத்தான் மாட்ட வேண்டும். வேலை தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். கூரைக் கான்கிரீட் உதிர்ந்தோ, கம்பி துருப்பிடித்துத் தெரிந்தோ இருந்தால் அந்த இடத்தில் எதையும் மாட்டாதீர்கள். மாட்டிய பிறகு சோதனை செய்ய வேண்டும். நான் இரண்டு வாளித் தண்ணீரை, ஏறத்தாழ 30 கிலோவை, ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கீழே யாரும் போகாமல். கூடையின் எடையைப் போல நாலு மடங்கு தாங்கிய பிறகுதான் கூடை ஏறியது. கூடையை ஏற்றி இறக்க உருளை மாட்டலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கயிற்றைப் பிடித்து இழுக்கும்போது கொக்கியின் மேல் சுமை இரட்டிப்பாகும். அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள முடியும் என்றால் மாட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இடம். கூடை கைப்பிடிச் சுவருக்கு உள்ளேதான் தொங்க வேண்டும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி மாட்டியிருக்கிறேன். விழுந்தாலும் என் பால்கனியில்தான் விழும். கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைப்பதையும் நிறுத்திவிட்டேன். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கூரையைத் துளைக்கவே வேண்டாம். ஓர் உயரமான ஸ்டூல் மேல் தொட்டியை வைத்தால் லொபீலியா அதிலிருந்தும் அழகாக வழியும்.

பராமரிப்பு சுலபம்தான், ஆனால் லீவு கிடையாது. டிசம்பர், ஜனவரியில் இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் போதும். மார்ச்சில் காலையும் மாலையும் வேண்டும். கூடையைக் கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். கனம் இல்லை என்றால் தாகம் என்று அர்த்தம். ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீர் ஓரமாக ஓடிவிடும். அப்போது கூடையை இறக்கி அரை மணி நேரம் டப்பில் முக்கி வையுங்கள். எப்போதுமே இறக்கித் தண்ணீர் விட்டு, வடிந்த பிறகு மாட்டுவது நல்லது. கீழ் வீட்டுக்காரர் உலர்த்திய துணியில் சொட்டாமல் இருக்கும்; உறவும் கெடாது.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் கொடுக்கிறேன். கடுகுப் பிண்ணாக்கை ஊறவைத்துத் தெளிந்த நீரும் ஒத்துக்கொள்கிறது. நாற்றம் மட்டும் மூன்று வீட்டுக்குப் போகும். முதல் அலைப் பூ ஓய்ந்ததும், பிப்ரவரி பாதிக்குள், நீண்ட தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்துவிட்டால் மார்ச்சில் மறுபடி பூக்கும். மார்ச் நடுவிலிருந்து உச்சி வெயில் படாமல் நகர்த்திவிடுங்கள். ஏப்ரலில் என்ன செய்தாலும் செடி மஞ்சளாகிவிடும். வருத்தப்பட வேண்டாம். இது இந்த ஊருக்கு நாலு மாதம் வந்து போகும் விருந்தாளி.

இப்போது என் பால்கனியில் இரண்டு கூடைகள் இருக்கின்றன. தரைத்தள அம்மாளின் வீட்டு ஜன்னல் ஓரத்திலும் போன நவம்பரில் நான் கொடுத்த நாற்று ஒரு மண்தொட்டியில் வழிந்தது. பையன் வளர்ந்துவிட்டான், பந்து போடும் வேகமும் கூடிவிட்டது. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவன் வேலை.

இதைப் படித்து முடித்ததும் நர்சரிக்கு ஓட வேண்டாம். முதலில் உங்கள் பால்கனிக்குப் போங்கள். அங்கே ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருப்பது எதுவாக இருந்தாலும் சரி, அதை இறக்கி வைத்துவிட்டுக் கொக்கியைப் பிடித்து ஒரு தடவை பலமாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள்.